வாரண்டும் வாரண்டியும்

முன்னாளில் நம் நாட்டுப் படித்த குடும்பங்களுக்கெல்லாம் 'வாரண்டு' என்ற சொல் நன்றாகத் தெரிந்திருந்தது. 1930-ஆம் வருஷத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த நாட்களில், வாசலில் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தால் போதும். பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட, "அப்பாவுக்கு வாரண்டு வந்திருக்கிறது" என்று உள்ளே ஓடிச் சொல்லிவிடும். இப்போது வாரண்டு வருகிற வீடுகள் குறைந்துபோயின. அதற்குப் பதிலாக 'வாரண்டி' வராத வீடே இல்லை என்று ஆகிவிட்டது. மின்விசிறிக்கு வாரண்டி, மாவரைக்கும் யந்திரத்துக்கு வாரண்டி, கைக்கடியாரத்துக்கு வாரண்டி.

இந்த இரண்டு சொற்களும் பழைய பிரெஞ்சு மொழியில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழி நூலார் சொல்லுகிறார்கள். இருக்கலாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே குணபேதம் இருக்கிறதல்லவா? வாரண்டு நம்மைத் தேடிக்கொண்டு வரும். வாரண்டியையோ நாம்தான் தேடிக்கொண்டு போகவேண்டும். அப்படித் தேடிக்கொண்டு போன கதை ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் ஜலகண்டாபுரம். சேலம் ஜில்லாவில் மேட்டூர் தாலூகாவைச் சேர்ந்தது. பெயரிலே ஜலம் இருக்கிறதே என்று எண்ணி யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஊருக்குள் நுழைந்ததும் காதில் விழுவது தறிச் சத்தமே தவிர, தண்ணீர்ச் சத்தம் அல்ல. அப்படிப்பட்ட ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று பட்டணத்து நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர், 1804-ஆம் வருஷத்தில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூலைத் தூக்கியும் தாழ்த்தியும் பூவேலை நெய்கிற ஒரு சாதனத்தை உண்டாக்கினார். துளை இருந்தால் நூல் எழும்பும். துளை இல்லாவிட்டால் எழும்பாது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை இதைப் பார்த்தார். நூலுக்கு உத்தரவிடும் அட்டை எண்ணுக்கும் உத்தரவிடலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டிலே நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் தம் வீட்டில் வைத்திருந்தார். பிறகு அமெரிக்காவில் ஹாலரித் என்பவர், 1890-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளாலேயே கூட்டி முடித்தார். ஆகவே, கம்ப்யூட்டர் என்பது தறிக்கு ஒரு வகையில் பேரன் முறை. பாட்டன் வீட்டுக்குப் பேரன் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்தப் பேரனைக் கொண்டு பிழைப்பவள் என் தம்பி மகள். என் தம்பி இரண்டு தறி வைத்திருந்தான். அவன் காலமான பிறகு, கடனுக்குத் தறிகள் போய்விட்டன. மிஞ்சியது சேலையின் கரையும் முந்தானையும் எப்படி இருக்கவேண்டும் என்ற ஞானம் மட்டுமே. அது மகளுக்கு வந்திருந்தது. அவள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, தறிக்காரர்களுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். மாங்காய், மயில், அன்னப்பட்சி எல்லாம் அவள் திரையில் கட்டம் கட்டமாக உருவாகி, பிறகு ஜக்கார்டு பெட்டிக்குப் போய்ச் சேலையாக வெளிவரும். அவள் தாயாருடைய மருந்துச் செலவும், தம்பியின் கல்லூரிச் சம்பளமும் அந்த மயிலின் தோகையிலிருந்துதான் வருகின்றன.

சென்ற தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், அந்தக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணையத் தொடங்கிற்று. சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பெரிய முந்தானை டிசைன் ஒன்றைத் திறந்து வேலை வாங்கினால், மூச்சு நின்றதுபோல் நின்றுவிடும். முடித்த வேலையும் போய்விடும். ஆராய்ந்து பார்த்ததில், குற்றம் அதற்குள்ளிருக்கும் ஒரு தகரப் பெட்டியில் என்று தெரிந்தது. கடைக்காரர்கள் அதை 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று நான்கு எழுத்தில் அழைக்கிறார்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டரின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்படி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பக்குவம் செய்து கொடுப்பது அதன் வேலை. வீட்டில் சமையற்காரர் எப்படியோ, கம்ப்யூட்டருக்கு அது அப்படி. விலை 4,600 ரூபாய். வாரண்டி மூன்று வருஷம். வாங்கிப் பதினான்கு மாதந்தான் ஆகியிருந்தது.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, நானும் அவளும் தாரமங்கலம் வழியாகச் சேலம் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். பார்த்தவுடன் நாற்காலி போட்டார். பெட்டியிலிருந்து வரும் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தார். உள்ளே இருந்த விசிறி சுழன்றது.

"பார்த்தீர்களா சார்? நன்றாக ஓடுகிறது. கம்ப்ளெயிண்டு ஒன்றுமில்லை" என்றார்.

"வேலை வாங்கும்போதுதான் அணைகிறது, அண்ணா" என்றாள் அவள்.

"விசிறி சுற்றுகிறதே, அம்மா! சுற்றுகிற பெட்டியை எப்படித் திருப்பி எடுப்பது?"

எனக்கு மாட்டுச் சந்தை ஞாபகத்துக்கு வந்தது. சந்தையிலே மாடு கம்பீரமாக நடந்து காட்டும். வீட்டுக்கு ஓட்டி வந்து ஏரில் பூட்டினால் சாலிலேயே படுத்துக்கொள்ளும். படுக்கிற மாட்டைச் சந்தைக்கே திரும்ப ஓட்டிக்கொண்டு போனால், அது மறுபடியும் கம்பீரமாக நடக்கும். "நடக்கிறதே!" என்பான் விற்றவன். நடப்பதற்கா மாடு வாங்கினோம்? உழுவதற்கல்லவா வாங்கினோம்? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கிய மாட்டைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் என் தம்பி மகள் செய்த காரியம் எனக்கே வியப்பாயிருந்தது. அழவும் இல்லை, கடைக்காரரைத் திட்டவும் இல்லை. விசைத்தறி மோட்டார்களைப் பழுது பார்க்கும் எலெக்டிரீஷியன் ஒருவரை அழைத்து வந்து, மீட்டர் வைத்து அளக்கச் சொன்னாள். கம்ப்யூட்டர் சும்மா இருந்தபோது 12.1 வோல்ட் காட்டிற்று. பெரிய டிசைனைத் திறந்ததும் முள்... இல்லை, இந்தக் காலத்து மீட்டரில் முள் ஏது? இலக்கம், மளமளவென்று இறங்கி 11.1-க்கு வந்தது, உடனே எல்லாம் இருண்டது. இவ்வகைப் பெட்டிகளுக்கென்று ஏற்பட்ட நியதிப்படி 12 வோல்ட் என்பது நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது 11.4-க்குக் கீழே போகக்கூடாது. பிறகு சிநேகிதியிடமிருந்து ஒரு நாளைக்கு மட்டும் வேறு பெட்டி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினாள். அன்று முழுவதும் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. பழுதான பெட்டியைச் சிநேகிதியின் கம்ப்யூட்டரில் மாட்டினாள், அது அணைந்தது. இவையனைத்தையும், மீட்டரின் இலக்கம் தெரியும்படி, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். வக்கீல்கள் இதைவிடத் தெளிவான சாட்சியத்தை வைத்துக்கொண்டா எல்லா வழக்குகளையும் நடத்துகிறார்கள்?

இரண்டாந் தடவை சேலம் போனோம். கடைக்காரர் படத்தைப் பார்த்தார். இந்தத் தடவை, பெட்டியில் குற்றமில்லை என்று சொல்லவில்லை. குற்றம் ஊரில் இருக்கிறது என்று சொன்னார்.

"உங்கள் ஊரில் தறி ஓடுகிறது. வோல்டேஜ் ஏறி இறங்கும். அதனால் கெட்டுப்போனால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது."

"பெட்டியின் மேலேயே 200 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறதே, அண்ணா. எங்கள் வீட்டில் யு.பி.எஸ். வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. அதற்கும் ரசீது வைத்திருக்கிறேன்."

கடைக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார்: விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது.

இங்கே கடைக்காரருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் அந்தப் பெட்டியைச் செய்தவரல்ல. ஒரு பெட்டியில் அவருக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். பழுதை மாற்றிக் கொடுத்துவிட்டு, அதைக் கம்பெனிக்கு அனுப்பி, கம்பெனி அதே காரணங்களைச் சொல்லி மறுத்தால், நஷ்டம் அவர் தலையில் விழும். வாங்கினவரோ அவர் முகத்தைத்தான் அறிவார். கம்பெனிக்கு முகம் கிடையாது. இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் மாதிரிதான் சில்லறைக் கடைக்காரர் பாடு. இதையெல்லாம் நினைத்து நான் எழுந்திருக்கப் போனேன். என் தம்பி மகள் எழுந்திருக்கவில்லை.

"சரி அண்ணா. மாற்றித் தர முடியாது என்றும், இன்ன காரணத்தினால் என்றும் இந்தக் கடிதத்தின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நாங்கள் போய்விடுகிறோம்" என்றாள்.

கடைக்காரரின் முகம் மாறிற்று. வாயால் மறுப்பது மிகவும் சுலபம், காற்றோடு போய்விடும். எழுதி மறுப்பதோ கஷ்டம். "எழுதியெல்லாம் தருவதற்கில்லை, அம்மா" என்றார். "அப்படியானால் நான் எழுதுகிறேன்" என்று சொல்லி அவள் எழுந்தாள்.

அவள் என்ன எழுதினாள் என்பதைச் சொல்வதற்கு முன்னால், சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த அதே 1930-ஆம் வருஷத்தில், சரக்கு விற்பனைச் சட்டம் என்று ஒன்று அமுலுக்கு வந்தது. சரக்கு விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்பது, சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, விற்பனையிலேயே அடங்கிய நிபந்தனை என்று அது சொல்லிற்று. ஆனால் அந்த நியாயத்தைப் பெறுவதற்கு சிவில் கோர்ட்டுப் படியேற வேண்டியிருந்தது. 4,600 ரூபாய்ப் பெட்டிக்காக யார் அந்தப் படி ஏறுவார்? அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, 1962-ஆம் வருஷம் மார்ச்சு 15-ஆந் தேதி, வாங்குகிறவர்களுக்கென்று நான்கு உரிமைகள் உண்டு என்று தம் நாட்டுச் சட்டசபைக்குச் செய்தி அனுப்பினார். நம் நாட்டில் 1986-ஆம் வருஷம் டிசம்பர் 24-ஆந் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமுலில் இருக்கிறது.

இந்தப் புதுச் சட்டத்தில் எங்களுக்கு வேண்டிய சங்கதிகள் நான்கு இருந்தன. முதலாவது: குறைபாடுள்ள சரக்கை, ரசீதில் கண்ட காலத்துக்குள்ளும், காலம் குறிப்பிடாவிட்டால் முப்பது நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வாணிபம். ஆகவே, ரசீதின் அடியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது சட்டத்துக்கு மேலே போய்விட முடியாது. ஆனால் ஒன்று, குறைபாடு இருக்கவேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்று கொண்டுபோனால் இந்த விதி துணைக்கு வராது. இரண்டாவது: வியாபாரத்துக்காக வாங்கினவர் 'நுகர்வோர்' ஆகமாட்டார் என்றாலும், சுயதொழில் செய்து தம் ஜீவனத்தைத் தேடிக்கொள்வதற்காக மட்டுமே ஒருவர் வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோரே. மயில் டிசைன் போட்டுப் பிழைக்கும் பெண்ணைச் சட்டம் வெளியே நிறுத்தவில்லை. மூன்றாவது: சரக்கை எங்கே வாங்கியிருந்தாலும், வாங்கினவர் குடியிருக்கும் ஜில்லாவின் கமிஷனிலேயே முறையிடலாம். வாங்கியது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் முறையிட வேண்டும். நான்காவது: பரிசோதித்தால்தான் குற்றம் தெரியும் என்றால், கமிஷனே சரக்கை முத்திரையிட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பதோடு அங்கே விஷயம் முடிந்துவிடாது.

அவள் எழுதிய கடிதம் ஒரு பக்கந்தான். வாங்கிய தேதி, ரசீது எண், பெட்டியின் மேலிருந்த வரிசை எண், மீட்டர் காட்டிய இலக்கங்கள், கடைக்கு வந்த இரண்டு தேதிகள், அங்கே சொன்ன இரண்டு காரணங்கள், அவற்றுக்கு இரண்டு பதில்கள். பிறகு, பதினைந்து நாளில் மாற்றித் தரவேண்டும் அல்லது பணம் தரவேண்டும். தவறினால் சேலம் ஜில்லாக் கமிஷனில் கடையையும் கம்பெனியையும் சேர்த்து எதிர்க்கட்சிகளாக வைத்து முறையிடப்படும் என்ற வாக்கியம். கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. நான், "மோசடி என்று ஒரு வார்த்தை போடலாமே?" என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது, பெரியப்பா. தெரிந்ததை மட்டும் எழுதுவோம்" என்றாள். ஒப்புகைச் சீட்டுடன் கடைக்கு ஒரு பிரதி, கம்பெனிக்கு ஒரு பிரதி போயிற்று. அதோடு 1915 என்ற எண்ணுக்குப் பேசி, தேசிய நுகர்வோர் உதவி நிலையத்திலும் விஷயத்தைப் பதிவு செய்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கடைக்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது. கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் சுமை கொடுத்துச் சோதித்தார்களாம், பெட்டி தாங்கவில்லையாம், புதுப் பெட்டி வந்திருக்கிறதாம்.

இதைக் கேட்டு ஆரவாரம் செய்வதற்கு அதிகம் இல்லை. அந்த நாட்களில் அவள் சிநேகிதி வீட்டில் இரவு எட்டு மணிக்குமேல் உட்கார்ந்து, இரவல் கம்ப்யூட்டரில் வேலை செய்தாள். தீபாவளிக்கு ஒப்புக்கொண்ட மூன்று டிசைன்களில் இரண்டைத்தான் முடிக்க முடிந்தது. மூன்றாவது, முன்பணத்தோடு வேறு இடத்துக்குப் போயிற்று. அந்த நஷ்டத்துக்கும் ஈடு கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கமிஷன் மூன்று மாதத்துக்குள், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்துக்குள், முடிவு சொல்ல முயலவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் இழுத்துக்கொண்டு போவதுண்டு. "பொங்கல் சேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, பெரியப்பா. அதை முடிக்கிறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். நியாயம் முழுவதும் கிடைக்கவில்லை. முக்கால் பங்கு கிடைத்தது. பாக்கிக் கால் பங்கை ஏழைகள் நேரமில்லாமல் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்தக் கால் பங்குகளையெல்லாம் ஒன்று சேர்த்தால் யாருடைய பெட்டி நிறையும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"ஏதோ ஒரு சின்னக் கடை, ஒரு கிராமத்துப் பெண், இது ஒரு பெரிய விஷயமா?" என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு 1994-ஆம் வருஷத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்று ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். இண்டெல் கம்பெனியின் 'பெண்டியம்' என்னும் கம்ப்யூட்டர் மூளை சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 என்று வரவேண்டும்; அது 1.3337 என்று சொல்லிற்று. சாதாரண மனிதருக்கு இந்தத் தப்பு 27,000 வருஷத்துக்கு ஒரு முறைதான் நேரும் என்று கம்பெனி சமாதானம் சொல்லிற்று. தமக்கு அது பாதகம் செய்கிறது என்று காட்டுகிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றும் சொல்லிற்று. நம் கடைக்காரருடைய "விசிறி சுழல்கிறதே!" என்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. ஜனங்கள் விடவில்லை, காசு வாங்கும்போது எங்களுக்கு அது தேவையா என்று கேட்டீர்களா என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த வருஷம் டிசம்பர் 20-ஆந் தேதி கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக மாற்றித் தர இசைந்தது. அதற்காக அது ஒதுக்கிய தொகை நாற்பத்தேழரைக் கோடி டாலர். பெரிய இடத்திலும் சின்ன இடத்திலும் வாதம் ஒன்றே: குற்றத்தை நிரூபிக்கும் பாரத்தை வாங்கினவன் தலையில் ஏற்றுவது. அதை இறக்கிய விதமும் ஒன்றே: கணக்கைக் காட்டி, திரும்பத் திரும்ப, அமைதியாகக் கேட்பது.

இப்போது எங்கள் தெருவில் என் தம்பி மகளுக்கு டிசைன் வேலையோடு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. எதிர்வீட்டு அம்மாளின் குளிர்ப்பெட்டி, கோடி வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் அவள்தான் கடிதம் எழுதுகிறாள். எழுதுவதற்கு முன்னால் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ரசீது இருக்கிறதா, அக்கா?" என்பது. இருந்தால், அதைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுகிறாள். ஏனென்றால், கடைகள் தரும் வெப்பக் காகித ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கி மறைந்துவிடுவதுண்டு. வாரண்டி மூன்று வருஷம். வாரண்டிக்கு ஆதாரமான எழுத்துக்கு ஆயுள் ஆறு மாதம்!

சென்ற மாதம் வேறு காரியமாகச் சேலம் போனபோது, அந்தக் கடைக்குள் நுழைந்து ஒரு சிறு சாமான் வாங்கினேன். கடைக்காரர் முன்போலவே நாற்காலி போட்டு, குழந்தை சௌக்கியமா என்று விசாரித்தார். சாமானைச் சுமை கொடுத்துச் சோதிப்பதற்கென்று மேஜைமேல் ஒரு கருவி புதிதாக வந்திருந்தது; சந்தோஷப்பட்டேன். ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் அந்தப் பழைய வரி அப்படியே இருந்தது.

"இது இன்னும் இருக்கிறதே?" என்றேன்.

"அச்சடித்த புத்தகம் தீரட்டும், சார்!" என்றார்.